நிறுத்தாமல் போன ஜீப்பு

2023 ஜூன் 14, புதன்கிழமை. நான்கரைக்கு எழுந்து வாசல் தெளித்து, சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குப் போடி ஜீப்பு ஸ்டாண்டில் நின்றேன். போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் சூப்பர்வைசர். தோட்டத்துப் பெண்களோடு தினமும் ஏறி இறங்கும் மலைதான்.

அன்று பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது. மூச்சு உள்ளே போகவில்லை. விரல்கள் மரத்துப்போயின. இந்த ஜீப்பிலேயே சாகப்போகிறேன் என்று நினைத்தேன். ஓட்டுநர் காசிம் அண்ணன் ஓரங்கட்டினார். இறங்கி நின்றதும் சற்று நேரத்தில் அடங்கியது.

மறுநாளே இ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் சோதனை) எடுத்தோம். இரத்தமும் பார்த்தார்கள். குறை எதுவும் இல்லை. உங்களுக்கும் முதல் முறை இப்படி வந்தால் இதயத்தைச் சோதித்துவிடுங்கள். நாமாக முடிவுகட்டக் கூடாது.

எங்கள் ஜீப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. மலை ஒத்துக்கொள்ளாதவருக்கு முன் இருக்கையைக் கொடுப்பார்கள். கையில் எலுமிச்சம்பழம் திணிப்பார்கள். முகம் வாடினாலே வண்டியை நிறுத்துவார்கள். எனக்கும் எல்லாம் கிடைத்தது. ஒரு தடவை நின்ற ஜீப்பு, சில வாரங்களில் வளைவுக்கு வளைவு நின்றது. பிறகு பஸ்சிலும் மூச்சு முட்டியது. கல்யாண மண்டபத்தில் வாசலோரம் மட்டுமே உட்கார முடிந்தது. நான் வேலைக்குப் போகாத நாட்கள் கூடியதால், இந்த அறுவடைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் போடுவதாக முதலாளி என் கணவரிடம் சொல்லிவிட்டார்.

தேனியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். இது பேனிக் அட்டாக் (ஆபத்து இல்லாதபோதே உடம்பு அபாயமணி அடிப்பது) என்றார். மாத்திரை கொடுத்தார். அதைவிட, ஜீப்பு நிற்பதைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்.

"நீங்க இறங்குனதால அது அடங்கலம்மா. அது தானாவே அடங்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கிட்டதால, அதை நீங்க கடைசிவரைக்கும் பார்த்ததே இல்ல" என்றார்.

எல்லாரும் அன்பாகச் செய்த காரியம்தான் என் நோயை வளர்த்தது என்று ஏற்றுக்கொள்ள நாளாயிற்று. முதலில் கணவரோடு மலையடிவாரத்து முந்தல் வரை பஸ்சில் போய் வந்தேன். பிறகு தனியாகப் போனேன். மூச்சை மெல்ல வெளியே விடப் பழகினேன். இரண்டு முறை தோற்றுப் பாதியில் இறங்கினேன். மருத்துவர் அதையும் பயிற்சி என்றே சொன்னார்.

அறுவடை தொடங்கியதும் ஒருநாள், மலை ஏறுமுன் காசிம் அண்ணனிடம் மருத்துவர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். பாதி மலையில் அது வந்தது, முன்பைவிடக் கடுமையாக.

"தங்கச்சி, மூஞ்சி வெளுத்துப்போச்சு. ஓரங்கட்டட்டுமா?"

"நிறுத்தாதீங்கண்ணே. நானே கேட்டாலும் நிறுத்தாதீங்க."

பின்னாலிருந்து பேச்சியம்மா, காய் எடுக்க வருகிறவள், எட்டிப் பார்த்தாள். "செத்துகித்துப் போயிட்டா என்ன மதினி செய்ய?"

"செத்தா மெட்டுல இறக்கிப் போடுங்க."

"அப்ப இன்னைக்காவது வெரசாப் போய்ச் சேருவோம். உன்னால வளைவுக்கு வளைவு பனிக்காத்துல நின்னு எனக்குச் சளியே பிடிச்சிருச்சு."

சிரிப்பு வந்தது. கதவைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்தேன். பயம் ஏறியது, உச்சிக்குப் போனது, அங்கே நிற்க முடியாமல் இறங்கியது. நான் இறங்கவில்லை. மெட்டில் செக்போஸ்ட் தெரிந்தபோது காசிம் அண்ணன் ஹாரனை நீளமாக அடித்தார். பெண்கள் குலவை போட்டார்கள்.

இப்போதும் சில நாட்கள் நெஞ்சு துடிக்கும். முன்பு அது மரணச் செய்தி. இப்போது வெறும் துடிப்பு. அன்றெல்லாம் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையில் ஓர் ஆயுளே கிடந்தது. இப்போது ஒரு பேச்சு முடிவதற்குள் தாண்டிவிடுகிறோம்.

ஜீப்பின் பின்பகுதியில் முதலில் ஏறுகிறவர் உள்கோடிக்குப் போக வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் இறங்கினால்தான் அவர் இறங்க முடியும். அதனால் யாரும் முதலில் ஏறமாட்டார்கள். ஜீப்பு நிறுத்தாமல் போன அந்த நாளுக்கு மறுநாள் காலை, ஸ்டாண்டுக்குப் போனதும் முதல் ஆளாக ஏறி அங்கே உட்கார்ந்தேன்.