முட்டை ரூம் பலகையில் என் பிறந்தநாள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் முட்டை பொறுக்குகிறேன். எங்கள் முட்டை ரூமில் ஒரு கரும்பலகை உண்டு. எந்த ஷெட்டுக்கு எப்போது தீவனம், எதற்கு மருந்து என்று எழுதுவதற்காக மாட்டியது. அதன் மேல்பாதியை சூப்பர்வைசர் அண்ணன் தனக்கென்று எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து, அதில் அச்சடித்திருக்கும் சேதிகளைப் பலகையில் எழுதுவார். இதே நாளில் எந்த நாடு விடுதலை பெற்றது, எந்த விஞ்ஞானி பிறந்தார் என்று. எங்களில் யாருக்காவது அன்று பிறந்தநாள் என்றால், அந்தப் பெரியவர்களுக்குக் கீழே அதே அளவு எழுத்தில் அந்தப் பெயரும் வரும். ஷெட் கூட்டும் அக்கா தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது நினைவிருக்கிறது.

ஜூன் ஒன்றாம் தேதி மட்டும் ஏழு பெயர்கள் வந்தன. பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார்கள் போட்டுவிட்ட தேதி அது.

"ஏனப்பா, ஏழு பேரும் ஒரே நாள்லயா பொறந்தீங்க? மருத்துவச்சிக்குக் கையி ஒடிஞ்சிருக்குமே!" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நான் அந்த ஏழில் என் பெயரை மட்டும் துண்டால் அழித்தேன். அதை அவர் பார்த்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மொபட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டார்.

"தேதியெல்லாம் ஆருங்க கண்டா? பெரிய தலைவரு ஒருத்தரு செத்துட்டாருன்னு ரேடியோவுல சொன்ன அன்னிக்குங்க. மருத்துவச்சியே திரும்பி உக்காந்து அழுதுக்கிட்டிருந்தா. இவன் அழுதது ஒருத்தர் காதுலயும் உழுகலைங்க."

அண்ணன் ஒவ்வொரு தலைவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பெயருக்கு அம்மா தலையாட்டினார். காலண்டர் தாளெல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். "அக்டோபர் ரெண்டு" என்றார்.

அந்த அக்டோபர் இரண்டில் பலகையில் மூன்று வரிகள். ஒரு தலைவர் பிறந்தார். ஒரு தலைவர் மறைந்தார். மூன்றாவது வரியில் நான். அன்று முழுவதும் ஏதாவது சாக்கு வைத்து முட்டை ரூமுக்குப் போய்ப் போய் வந்தேன்.

"உங்க நாள் எதுங்கண்ணா?" என்று கேட்டேன்.

"எனக்கும் ஜூன் ஒண்ணுதான். உனக்கு அம்மா இருக்காங்க, கேட்டோம். நான் ஆரைக் கேக்கறது?" என்று சிரித்தார். தன் பெயரை அவர் பலகையில் எழுதியதே இல்லை. என் நாளையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடுத்தடுத்த வருடங்களிலும் வந்தது. கூச்சம், சொல்லவில்லை. போன மாசியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

இப்போது காலண்டர் தாளைக் கிழிப்பது நான்தான். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். இன்று காலையிலும் அந்த மூன்று வரிகளை எழுதினேன். என் பெயருக்குப் பக்கத்தில் அண்ணன் பெயரையும் எழுதினேன்.

ஷெட் கூட்டும் அக்கா வெகுநேரம் நின்று பார்த்தார். "அண்ணனும் இன்னைக்குத்தானா? ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே சாமி!"

"ஆமாங்கக்கா, இன்னைக்குத்தான்" என்றேன்.

அக்டோபர் 2.