உருத்திரமூர்த்தியின் பதினைந்து எழுத்து

என் அப்பா உருத்திரமூர்த்தி, ஜெர்மனியின் பான் நகரில் ஒரு கன்டீனில் முப்பத்தொரு வருடம் தட்டுக் கழுவியவர். அங்கே அவரை 'ரூடி' என்று கூப்பிடப் பார்த்தார்கள். மனுசன் திரும்பியே பார்க்கவில்லை. எந்த அலுவலகத்துக்கு டெர்மின் என்று நேரம் குறித்து வாங்கிப் போனாலும் தன் பேரின் பதினைந்து ஜெர்மன் எழுத்தையும் "ஊ, எர், ஊ" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். பின்னால் வரிசை நீளும். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும்.

நான் படித்துக் கிழித்தது சீன இலக்கியம். நானூறு வருடத்துக்கு முந்தைய பெய் வென்ஷூ என்ற நாவலாசிரியரின் வாழ்க்கையை ஜெர்மன் மொழியில் எழுதினேன். உப்புக் கிடங்கில் எழுத்தராக இருந்துகொண்டு, நதித் தெய்வங்களும் நரிப்பேய்களும் உலாவும் பெரிய நாவல் ஒன்றை எழுதியவர். படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்து அதில் தன் பேரைப் போடாமலே செத்துப்போனார். பேரை ஒளித்த கோழை என்று ஒரு அத்தியாயம் முழுக்க அவரைத் திட்டியிருந்தேன். அப்பாவிடமும் அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். வாய்க்கொழுப்பு.

அப்பாவின் பேர்தான் இங்கே எனக்குக் குடும்பப் பேர். அது அச்சில் வரப்போகிறது என்று உறவுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தார். வெளியீட்டன்று கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். புத்தகம் கைக்கு வந்ததும் பக்கத்திலிருந்த சந்திரகாந்தி அக்காவிடம், "பாத்தனீங்களோ, இந்தாளும் எங்களைப் போலத்தான். பெய் எண்டது தேப்பன்ரை பேர். அதை முன்னுக்குப் போட்டிருக்கிறான்" என்றார்.

"இல்லையப்பா, அது பரம்பரைப் பேர். தெரியாட்டிச் சும்மா இருங்கோ" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம் பிள்ளை, எனக்கென்ன தெரியும்."

பிறகு அட்டையில் விரல் வைத்துப் படித்தார். 'கவிசா மூர்'. பின்னட்டையையும் உள்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"என்ரை பேரைக் காணேல்லை."

"நீளமப்பா. பதிப்பகம் வெட்டச் சொன்னது."

பொய். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நானேதான் வெட்டினேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அந்தச் சீனன் ஒளிச்சது தன்ரை பேரைத்தானே பிள்ளை" என்றார், கோபமே இல்லாமல்.

கையெழுத்து வாங்க வரிசை நின்றது. குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொருவரிடமும் "யாருக்கு?" என்று ஜெர்மனில் கேட்டுக் கேட்டு எழுதினேன். கடைசியாக ஒரு கோட்டுக்கை புத்தகத்தை நீட்டியது. அதற்கும் கேட்டுவிட்டேன்.

"ஊ" என்று தொடங்கினார் அப்பா. நான் எழுதுவதற்காகக் கொஞ்சம் பொறுத்தார். "எர். ஊ."