ஐஸ் போட்ட மாமியும் ஆக்ஸலோட்டிலும்

அலங்கார மீன் கடைக்காரனிடம் மீன் வாங்க வருகிறவர்களைவிட மீன் செத்த மௌத்துச் செய்தி சொல்ல வருகிறவர்கள்தான் கூட. கல்முனை வெயிலில் கண்ணாடித் தொட்டி வைத்துச் சீரழிகிற உங்களுக்கு இது விளங்கும்.

அந்திக் கோல்

கதீஜா மாமி வீடு என் கடைக்குப் பின்தெரு. ஒரே மகன் றிஸ்வான் கத்தாருக்குப் போகும்போது தன் ஆக்ஸலோட்டிலை அவவிடம் விட்டுப் போனான்; அதன் தீனி எல்லாம் என் கடையில்தான். அது மீன் இல்லை. நாலு கால், ஒரு வால், தலையின் இரண்டு பக்கமும் சிவப்புக் குஞ்சம் மாதிரிச் செவுள், எப்பவும் சிரிக்கிற வாய். குளிர்ந்த தண்ணீரில்தான் உயிர் வாழும். அதை நம்மட ஊருக்குக் கொண்டுவந்தவனை என்ன சொல்லி ஏச!

ஒரு நாள் மாமி வேர்க்க விறுவிறுக்க வந்தா. தீனி தொடுதில்லையாம், செவுள் முன்னுக்கு வளைஞ்சிட்டாம், வால் நுனி சுருண்டு கிடக்காம். "சூடு தாங்கல்ல மாமி, தண்ணியக் குளிராக்குங்க" என்றேன். அவ நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"மனே, மகன் அந்தியில வீடியோ கோல் எடுக்கிறதே அதப் பாக்கத்தான். அது மௌத்தாப் போனா என்னோட ஆரு கதைக்கிற?"

மீன் சந்தை ஐஸ்

அடுத்த நாள் போய்ப் பார்த்தால், யா அல்லாஹ்! மீன் சந்தையில் ஒரு பை நொறுக்கு ஐஸ் வாங்கி அப்படியே தொட்டிக்குள் கொட்டியிருக்கிறா. திடீர்க் குளிர் சூட்டைவிடப் பொல்லாதது. அதோடு அது கீரி மீனும் சூரை மீனும் கிடந்த பெட்டி ஐஸ். பிராணி மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில் தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டேன். மாமி முந்தானையால் கையைத் துடைத்தா.

"செத்த மீனக் காப்பாத்துற ஐஸ், உசிரோட இரிக்கிறதக் காப்பாத்தாதா மனே?"

பிரிட்ஜுக்குள்

அதைச் சுத்தமான டப்பாவில் போட்டு மாமி வீட்டுப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தோம். பைப் தண்ணியை வாளியில் ஒரு நாள் வைத்துக் குளோரின் போகவிட்டு, அதையும் பிரிட்ஜில் குளிராக்கி மாமி தினமும் மாற்றினா. நான் சொன்னதை மாமி ஒன்றும் பிசகாமல் செய்தா. அந்தியானால் மட்டும் பிரிட்ஜைத் திறந்து, போனை டப்பாவுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பா. மகனுக்குக் கேட்டது உம்மாவின் குரல் மட்டும்தான். குளிர் போகுது, மூடுங்க என்றேன்.

"அதக் காட்டாட்டி அவன் போன வெச்சிருவான் மனே. ஓதின தண்ணியும் ரெண்டு சொட்டு உட்டிரிக்கன், சுகமாகிரும்."



திருப்பின போன்

செவுளில் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் பிடித்தது. உப்புத் தண்ணியில் முக்கியும் கேட்கவில்லை. ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு அது அடங்கிப் போனது. முருங்கையடியில் புதைத்துக் கை கழுவும்போதே கோல் வந்தது. "நீ சொல்லு மனே" என்று போனை நீட்டினா. நான் வாங்கவில்லை. அவவே சொன்னா.  றிஸ்வான் "சரி உம்மா" என்று போனை வைத்துவிட்டான். மாமி வெறும் டப்பாவைப் பார்த்துக்கொண்டு இருந்தா. 

மறுநாள் மஃரிப் தொழுகைக்குக் கடை பூட்டுகிற நேரம் மாமி ஓட்டமும் நடையுமாக வந்தா. கண்ணெல்லாம் தண்ணி.

"எடுத்தான் மனே! 'உம்மா, போனத் திருப்புங்க, உங்கட முகத்தக் காட்டுங்க'ண்டான்."

இப்படியாக நான் ஒரு நல்ல கஸ்டமரை இழந்தேன், அல்ஹம்துலில்லாஹ்.