கரைக்கோச்சின் குளோரின் அலர்ஜி

‘ஆண். வயது ஐம்பத்து மூன்று. நீச்சல் பயிற்சியாளர். தோல்: இயல்பு. பிரிவு: பாதிப்பில்லாத உறவினர்.’ சொரியாசிஸ் பரம்பரையில் எப்படி இறங்குகிறது என்று ஆராயும் குழுவின் படிவம் அவரைப் பற்றி இப்படிச் சொல்கிறது. இதில் ஆண் என்பதும் வயதும் சரி.

நீச்சல் பயிற்சியாளர் என்பதே அரை உண்மைதான். அவர் தண்ணீரில் இறங்கி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. முழுக்கை ட்ராக்சூட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, கரையில் நடந்து விசில் ஊதியே பல நூறு பேரை மிதக்க வைத்துவிட்டார். பிள்ளைகள் வைத்த பெயர் கரைக்கோச்.

“சார், உங்களுக்கு நிஜமாவே நீச்சல் தெரியுமா?” என்று ஏதாவது ஒரு வாண்டு கேட்கும்.

“கேள்வி கேக்கற வாய்க்குள்ள தண்ணி போகுது பாரு. காலை உதை!”

ட்ராக்சூட்டுக்குள் முழங்கை, முதுகு, முழங்கால் எங்கும் வெள்ளைச் செதிலோடு சிவப்புத் திட்டுகள். இருபத்தைந்து வயதிலேயே டாக்டர் பெயரைச் சொல்லிவிட்டார்: சொரியாசிஸ், யாருக்கும் ஒட்டாது, முழுசாகப் போகவும் போகாது. ஆனால் குளத்து வாசலில் ‘தோல் நோய் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை. ஒட்டுவது எது, ஒட்டாதது எது என்று பலகைக்குத் தெரியாது. பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோருக்கு அதைவிடத் தெரியாது. வேலை போய்விடும் என்ற பயத்தில் அவர் நோயின் பெயரை மாற்றினார்: குளோரின் அலர்ஜி. தண்ணீரையே தொடாதவருக்குக் குளோரின் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று யாரும் கேட்கவில்லை. மனைவி இறந்தபின் தனியாக அவர் வளர்த்த மகளும் கேட்கவில்லை.

ஆராய்ச்சிக் குழுவிடம் அவரை மாட்டிவிட்டது பெரியப்பா மகள். அந்த அக்காவுக்கும் இதே நோய்தான், ஆனால் ஊரறிய. “ரத்தம்தானடா கேக்கறாங்க, கிட்னியையா கேக்கறாங்க?” என்று அதட்டினாள்.

வீட்டுக்கு வந்த ஆராய்ச்சிப் பெண் பொறுமையாக விளக்கினாள். “ஒரு ஜீன் இல்ல சார், நிறைய சேர்ந்து செய்யற வேலை. ஒருத்தருக்குத் தோல்ல வரும், அதே குடும்பத்துல இன்னொருத்தருக்கு மூட்டுல வரும். சிலருக்கு ஜீன் இருந்தும் ஒண்ணுமே வராது. உங்களை மாதிரி.”

அவர் அதைத் திருத்தவில்லை. சட்டைக் கையை மடிக்க மனமில்லாமல், புறங்கையில் ஊசி குத்தச் சொல்லி ரத்தம் கொடுத்தார்.

‘மூட்டுல வரும்’ என்ற சொல் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. மகள் செல்போன் பழுது பார்ப்பவள். கடுகைவிடச் சிறிய திருகாணிகளைக் கழற்றிப் பூட்டும் விரல்கள் இரண்டு வருடமாகக் காலையில் மடங்க மறுத்தன. வலது ஆள்காட்டி விரல் முழுவதும் வீங்கி, நகத்தில் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தது. வேலைச் சுளுக்கு என்று அதற்குள் மூன்று டாக்டர்கள் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூவருமே குடும்பத்தில் தோல் நோய் உண்டா என்று கேட்டார்கள். மகள் வாய் திறப்பதற்குள் மூன்று முறையும் அவர் முந்திக்கொண்டார்: “அதெல்லாம் எங்க குடும்பத்துல கிடையாதுங்க.”

நான்காவது ஆள் மூட்டு டாக்டர். எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டினாள். “இங்க பாருங்க, எலும்பு ஓரம் அரிச்சிருக்கு. இது சுளுக்கு இல்ல. வீட்ல யாருக்காவது சொரியாசிஸ் இருக்கா?”

“ஒரு அத்தைக்கு இருக்கு,” என்றாள் மகள். “அப்பாவோட பெரியப்பா பொண்ணு.”

“அது ரொம்பத் தூரம்மா.” தமிழில் அத்தை, மரபணுக் கணக்கில் தூரத்துச் சொந்தம். “அம்மா? அப்பா?”

“அம்மாவுக்கு எதுவும் இருந்ததில்ல. அப்பாவுக்கு வெறும் குளோரின் அலர்ஜி.”

டாக்டர் அவர் பக்கம் திரும்பினாள். அவர் விளக்குப் பலகையையே பார்த்தார். ஊத விசிலும் இல்லை, நடக்கக் கரையும் இல்லை. ட்ராக்சூட்டின் ஜிப்பை இறக்கினார், அது பாதியில் சிக்கிக்கொண்டது. மகள்தான் வீங்கிய விரலால் அதை இழுத்துவிட்டாள். முழங்கையைக் கண்டதும் டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை, மருந்துச்சீட்டை எடுத்தாள்.

“சொரியாசிஸ்தான் மூட்டுக்கு வந்திருக்கு. இனிமே அரிக்காமப் பார்க்கலாம். போன எலும்பு திரும்பாது.”

வெளியே படிக்கட்டில் மகள் நின்றாள். “உனக்கு இதோட பேரு எப்பலேர்ந்துப்பா தெரியும்?”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியே.”

“நோய் கொடுத்ததுக்கு உன்னை என்னத்தச் சொல்ல? அது உன்னைக் கேட்டா வந்துச்சு? ஆனா மூணு டாக்டர் முன்னாடியும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தியேப்பா.”

 இரண்டு வருடத்தில் டாக்டர்கள் மூன்று முறை கேட்டபோது அவர் இல்லை என்றார். நான்காம் முறை முழங்கையைக் காட்டினார்.