அம்பு ஸ்டிக்கர்

கழுத்தைப் பார்க்கிறாள், தோளைப் பார்க்கிறாள், பிள்ளையை அப்படியே திருப்பி முதுகைப் பார்க்கிறாள், குனிந்து சட்டையின் கீழ் மடிப்பை விரலால் தடவுகிறாள். எங்காவது ஒரு நூல் துருத்திக்கொண்டிருந்தால் தீர்ந்தது. கட்டைவிரல் நகத்தில் சுற்றி வெடுக்கென்று அறுத்துவிட்டுத்தான் பிள்ளையை உள்ளே விடுகிறாள். பின்னால் பைக்கில் ஹாரன் அடிக்கிற அப்பன்மார்களை அவள் கண்டுகொள்வதே இல்லை.

மழலையர் பள்ளியொன்றின் ஆயா அவள். பிள்ளைகளுக்கு ஆயாம்மா. செல்லத்தாய் என்பது நான் வைத்த பெயர். ஊரையும் முதலிபாளையம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

என் மகனும் அங்கேதான் எல்கேஜி படிக்கிறான். நான் பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறவன். ஆளைப் பார்த்தால் கட்டிங்கா, தையலா, செக்கிங்கா, எந்த டேபிளில் வேலை பார்த்தவர் என்று சொல்லிவிடுவேன்.

"ஏனம்மிணி, முன்னாடி செக்கிங்ல இருந்தீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

முகமெல்லாம் பல்லாகிவிட்டது அவளுக்கு. "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து செக்கிங்தான் பாத்துக்கிடுங்க. என் டேபிளைத் தாண்டி ஒரு பிசிறு போவாது."

அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு ஏன் இங்கே என்றதற்கு, "சின்னப் பிள்ளைய எல்லாம் எனக்கு உசிரு சார்" என்று சொல்லி நகர்ந்துவிட்டாள். நானும் நம்பினேன். உயிராகத்தான் பார்க்கிறாள். மூக்கொழுகினால் தன் துப்பட்டாவால் துடைக்கிறாள். சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு டப்பா மூடியைத் திருப்பிப் போட்டு, "இதுல ஒரு வாய் வச்சிருக்கேன், காக்கா பாக்குமுன்ன தின்னுரு" என்கிறாள். என் மகன் வீட்டில் "சாப்பிடுதேன், தூங்குதேன்" என்று அவளுடைய கோவில்பட்டித் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டான். என் வீட்டுக்காரி பிரியங்கா, "இதுக்காங்க அம்புட்டுப் பணத்தைக் கட்டினோம்?" என்று என்னை முறைக்கிறாள்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெருமாநல்லூரில் ஒரு பேக்கரிக்கு டீ குடிக்க ஒதுங்கினேன். மூலை மேசையில் செல்லத்தாய், அவள் வீட்டுக்காரர் மாரிச்செல்வம், இருவருக்கும் நடுவில் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். அட, இது என் மகன் வகுப்பில் படிக்கிற ஆஷா அல்லவா!

"அம்மா, இன்னொண்ணு வாங்கித் தா" என்றது குழந்தை.

அம்மாவா? பள்ளியில் இதே குழந்தை இதே பெண்ணிடம் "ஆயாம்மா, தண்ணி" என்று கேட்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! நான் வாயைப் பிளந்து நிற்கும்போதே ஆஷா என்னைப் பார்த்துவிட்டது. பள்ளி வாசலில் பார்த்த முகம் என்று தெரிந்திருக்கிறது. பன்னை மேசையில் வைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஆயாம்மா, இன்னொண்ணு வேணும் ஆயாம்மா" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வயது முழுதாக ஆகவில்லை அதற்கு.

செல்லத்தாய் என்னோடு வாசலுக்கு வந்தாள். "வெளிய சொல்லிராதீங்க சார், கும்பிட்டுக் கேக்கேன்" என்றாள்.

பிறகு கதையைச் சொன்னாள். அங்கன்வாடியில் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொள்வார்களாம், ஆனால் சாயங்காலத்துக்கு முன்பே விட்டுவிடுவார்களாம். சாயங்காலம் தாண்டியும் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற கம்பெனியிலிருந்து யார் வந்து கூட்டிப்போவது? பொழுது சாயும்வரை வைத்துக்கொள்வது இந்தப் பள்ளிதான். "ஃபீஸக் கேட்டதும் காதே அடைச்சுப்போச்சு சார். என் சம்பளத்துல பாதி அங்கனயே போயிரும். எங்க லைன் வீடுகள்ல சில பேரு சீட்டெடுத்துக் கட்டுதாவ. சில பேரு கம்பெனில அட்வான்ஸ் வாங்கிட்டு முழிக்காவ. சந்தனம்னு ஒருத்தி, பிள்ளைய ஊர்லயே விட்டுட்டு வந்து, போன்ல முகத்தப் பாத்து அழுதுக்கிட்டு கெடக்கா. என்னால முடியாது சார்."

அதனால் பள்ளியிலேயே வேலை கேட்டிருக்கிறாள். நடத்துகிற சித்ரகலா மேடம் எங்கள் ஊர்க்காரர். தேன் ஒழுகப் பேசுவார். "உம்புள்ளைக்கு ஃபீஸே வேண்டாங் கண்ணு. ஆனா, ஆயா புள்ளைகோட எங்க புள்ளைய உக்கார வெச்சிருக்கறீங்களான்னு பேரண்ட்ஸ் கேப்பாங்க. அம்மாளும் புள்ளையும்னு இங்க ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, செரியா கண்ணு?"

பேரண்ட்ஸ் என்றால் யார்? நான்தான்! என்னை எந்த மகராசி வந்து கேட்டாள்? அதைவிட, அந்தக் குழந்தையை எப்படிப் பழக்கினாள் என்று அவள் சொன்னதுதான் இன்னும் என்னை விடாமல் துரத்துகிறது.

செக்கிங் டேபிளில் ஒரு வழக்கம் உண்டு. பனியனில் ஓட்டையோ, தையல் விட்டதோ கண்ணில் பட்டால் அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அது 'ஆல்டர்' பீஸ். சரி செய்கிற வரைக்கும் பெட்டிக்குள் போகாது. செல்லத்தாய் வீட்டில் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடியிருக்கிறாள். விளையாட்டில் குழந்தை அம்மா என்று சொல்லிவிட்டால் புறங்கையில் ஓர் அம்பு.

"மொதல்ல ஸ்டிக்கர் கிடைக்குதேன்னு வேணும்னே அம்மா அம்மான்னு கூப்பிட்டா, கள்ளி. பொறவு, ஸ்டிக்கர் ஒட்டுன பிள்ளைய ஸ்கூலுக்குள்ள விடமாட்டாவன்னு சொன்னேன். பயந்துட்டா. கப்புனு பிடிச்சுக்கிட்டா. இப்ப ஆல்டரே கெடையாது சார்."

வேலை சுத்தம் என்கிற பெருமை அந்தக் குரலில் இருந்தது. சொல்லி முடித்ததும் அவளுக்கே அது கேட்டிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த மேடத்தை நாளைக்கே நாலு வார்த்தை கேக்கறனா இல்லையா பாருங்க" என்று குதித்தேன்.

"நீங்க நியாயம் கேட்டா என் பிள்ள சீட்டுதான் சார் போவும். யூகேஜி முடியட்டும். கவர்மென்ட் ஸ்கூல்ல ஒண்ணாப்பு சேத்துருவேன். பொறவு ஊரறிய அம்மான்னு கூப்பிடட்டும்."

மறுநாள் மேடத்துக்கு வழக்கம்போல் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வந்தேன். என்ன செய்ய?

போன வாரம் சாயங்காலம் பள்ளி விடுகிற நேரம். வாசலில் வழக்கம்போல் பைக்கும் ஸ்கூட்டியுமாக நெரிசல். வாசல் சரிவில் ஓடிவந்த ஆஷா கால் இடறி விழுந்தாள். "அம்மா!" என்று ஒரு கத்தல். தீர்ந்தது, வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விழுகிற எந்தக் குழந்தையும் அப்படித்தானே கத்தும்.

செல்லத்தாய் ஓடினாள். தூக்கி நிறுத்தினாள். முழங்காலில் ரத்தம். குழந்தை அவள் முகத்தைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டது. காலைக் காட்டவில்லை, வலது கையைத் திருப்பி, புறங்கையை அவளிடம் நீட்டியது. அம்பை ஒட்டு என்பதுபோல.

செல்லத்தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிலும் நாங்கள், பேரண்ட்ஸ். பிறகு குனிந்து, பிசிறு அறுக்கிற அதே கட்டைவிரல் நகத்தால், அந்த வெறும் கையிலிருந்து இல்லாத ஸ்டிக்கரை மெல்ல உரித்தெடுத்துத் தரையில் சுண்டி எறிந்தாள்.