பலகையை எடுக்கச் சொன்னவர்

நூர்ஜஹான் அக்கா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அரியமங்கலத்திலிருந்து அவருடைய தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க. சலீம்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலைங்க" என்றார். வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றுவிட்டேன்.

தென்னூர்ப் பூங்காவில் காலையும் மாலையும் நடக்கிற உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். வளர்ந்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வருவாரே, அந்தத் தையல்கார அம்மா. சலீம் நாலைந்து சொற்களுக்கு மேல் பேசமாட்டான். ஊஞ்சல் என்றால் அவனுக்கு உயிர்.

பூங்காவைப் புதுப்பித்தபோது வரைபடம் போட்டவள் நான். பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட அன்று சாய்தளம், கைப்பிடி, கழிப்பறை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அக்கா எழுந்து, "பன்னெண்டு வயசுக்கு மேல ஊஞ்சல் ஆடக்கூடாதுன்னு ஒரு போர்டு இருக்கே, அதை எடுத்துடுங்க. வாட்ச்மேன் அதைக் காட்டித்தான் இவனை விரட்டுறாரு" என்றார்.

பெரியவர்களையும் தாங்கும் ஊஞ்சலைத் தனியாக ஒரு மூலையில் போடலாம் என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒதுக்கி வைக்கிறதுக்கு வீடே போதுமே! பிள்ளைங்க பக்கத்துலயே போடுங்க." சில தாய்மார்கள் முகம் சுளித்தார்கள். "பயப்படாதீங்கம்மா, இவன் ஒழுங்கா வரிசையில நிப்பான். உங்க பிள்ளைங்கதான் முந்தும்" என்று சிரித்தார். அன்றே வரைபடத்தை மாற்றினேன்.

திறப்பு நாளில் சலீம் ஏற மறுத்துவிட்டான். அகலமான இருக்கையையும் புதுச் சங்கிலியையும் பார்த்து மிரண்டு, காதைப் பொத்திக்கொண்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. புர்காவை ஒதுக்கிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்து, "டேய், நீ தள்ளுடா" என்றார். தள்ளினான், சிரித்தான். அப்புறம் தினமும் அப்படித்தான். மகன் தள்ள, தாய் ஆடினார்.

ஒரு மாலை மூச்சு வாங்க இறங்கி வந்தவர், "எனக்கப்புறம் இவனை யாரு இங்க கூட்டிட்டு வருவா?" என்றார். "ஏங்க்கா இப்படியெல்லாம் பேசுறீங்க" என்று பேச்சை மாற்றினேன். நெஞ்சு வலியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்கா, சலீமை இப்போது நான்தான் கூட்டி வருகிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த வேலைதான். சொல்ல வெட்கமில்லை, அங்கே போகப் பயமாக இருக்கிறது. உங்கள் கனத்துக்குத் தள்ளிப் பழகிய கை அவனுக்கு, காலி ஊஞ்சல் எகிறிப் போகிறது. அவன் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறான்.

நேற்று ஒரு சிறுமி ஓடி வந்து, "அண்ணா, நான் ஏறிக்கவா?" என்று கேட்டாள். சலீம் கையை விரித்து மறித்தான்.

"ஆள் இருக்கு."

அவள் ஊஞ்சலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையசைத்தேன்.