தையல்காரர் சொன்ன மூணு

எங்கள் பெரிய சிஸ்டர் என்னைவிட வயதில் சின்னவள்தான். ஆள் உயரம் என்பதால் வார்டு முழுக்க அவளுக்கு அந்தப் பெயர். அவளுக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. அவள் போடும் ஊசி வலிக்காது, அவளிடம் எந்த நோயாளியும் பொய் சொல்ல மாட்டார். பதினொரு வருடம் கூடவே வேலை பார்த்த நானும் இரண்டையும் நம்பித்தான் இருந்தேன்.

எங்களுடையது குணப்படுத்தி அனுப்புகிற ஆஸ்பத்திரி இல்லை. இனிமேல் வைத்தியம் இல்லை என்று மற்றவர்கள் கைகழுவி விட்டவர்கள் கடைசி நாட்களை வலியில்லாமல் கழிக்கிற இடம். இங்கே தினமும் கேட்கிற கேள்வி, "வலி எவ்வளவு?" பூஜ்ஜியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் உயிர் போகிறது. நோயாளி சொல்லும் எண்ணை வைத்துத்தான் மார்பின் என்கிற வலி மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்வார். எண் தப்பினால் எல்லாம் தப்பு.

பெரிய சிஸ்டர் நின்றுகொண்டு கேட்க மாட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, முகம் பார்த்துக் கேட்பாள். அவளுடைய அப்பா வலியில் கதறிக் கதறிச் செத்தவர். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்கக் கூடாது என்றுதான் பிரசவ வார்டை விட்டுவிட்டு இங்கே வந்தாள்.

ஏழாம் கட்டிலுக்கு ஒரு தையல்காரர் வந்தார். புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. முதல் நாள் "எட்டு" என்றார். மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாள் "அஞ்சு". மறுநாள் "மூணு". அப்புறம் ஒரு வாரமாக மூணுதான். பெரிய சிஸ்டருக்கு வாயெல்லாம் பல். புதிதாக வந்த நர்ஸ்களைக் கூட்டிக்கொண்டு போய், "ஐயாவைப் பாருங்க, எட்டுல இருந்து மூணு!" என்று காட்டுவாள். அவரும் புது மாப்பிள்ளை மாதிரி சிரிப்பார்.

ஒருநாள் காலை, தரை துடைத்துத் துணி அலசுகிற ஆயாம்மா ஒரு துண்டைக் கொண்டுவந்து எங்கள் மேஜைமேல் போட்டாள். ஓரமெல்லாம் கடித்துக் குதறிய ஓட்டை.

"ஏழாம் கட்டில் துண்டு சிஸ்டர். இதோட நாலு. வலி வந்தா இதைத்தான் கடிச்சுக்கிறாரு."

"அவருக்கு மூணுதானே?" என்றாள் பெரிய சிஸ்டர்.

"மூணா? என்கிட்ட நேத்து ஒம்பதுன்னாரே! உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு, மனசு கஷ்டப்படுவீங்களாம். எனக்குத்தான் பொறுக்கல."

பெரிய சிஸ்டர் துண்டோடு விறுவிறுவென்று போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"ஏன்யா என்கிட்ட பொய் சொன்னீங்க?"

தையல்காரர் திருதிருவென்று முழித்தார். "நான் மூணுன்னதும் உங்க முகம் அப்படி மலர்ந்துச்சும்மா. அதைக் கெடுக்க மனசு வரல. நாப்பது வருஷத்துல கடைக்கு வந்தவங்க யாரையும் இடுப்பு பெருத்துப்போச்சுன்னு சொன்னதில்ல. வாயில குறைச்சுச் சொல்லுவேன், வெட்டும்போது ரெண்டு இன்ச் சேத்து வெட்டிக்குவேன்."

"இங்க வெட்டுறது நாங்கய்யா! நீங்க சொன்ன அளவுக்கு!" அவள் குரல் உடைந்தது. "ஆயாம்மாகிட்ட மட்டும் ஏன் நெசத்தைச் சொன்னீங்க?"

"அவங்க நான் என்ன சொன்னாலும் தரையைத் துடைச்சுக்கிட்டே இருப்பாங்கம்மா."

டாக்டர் உடனே அளவைக் கூட்டினார். பெரிய சிஸ்டர் எங்கள் அறையில் உட்கார்ந்து, "நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாரே" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "அறுபட்டது அவர் கழுத்துடி" என்றேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டாள். "மூணும்மா" என்றார். அதே மூணு. அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் எழுந்து வெளியே வந்தாள். ஆயாம்மாவைக் கூப்பிட்டு, "நீ போய்க் கேளு" என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். உள்ளே தரை துடைக்கிற சத்தம் கேட்டது.

"இப்ப எவ்ளோய்யா?"

"ஒண்ணுதான். நல்லாத் தூங்கினேன். சிஸ்டர்கிட்ட மூணுன்னேன். ஒண்ணுன்னா மறுபடியும் பொய்னு கோவிச்சுக்குவாங்க."

பெரிய சிஸ்டர் அட்டையில் ஒன்று என்று எழுதினாள். அவளிடம் அவர் இப்போதும் பொய்தான் சொல்லியிருக்கிறார். அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஒன்பது நாள் இருந்தார். ஒன்பது நாளும் கேட்டது ஆயாம்மா. வெளியே நின்று எழுதியது பெரிய சிஸ்டர். கடைசி நாள் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, வலி இல்லை. ஆயாம்மா தரை துடைக்கிற துணியை ஓரமாக வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள போடி, உன்னைத் தேடுவாரு" என்று கதவுக்கு வெளியே நின்ற பெரிய சிஸ்டரைத் தள்ளினேன்.

அவள் நகரவில்லை. "வேணாம்க்கா. என்னைப் பாத்தா சிரிக்கணும்னு கஷ்டப்படுவாரு."